கண்டறியப்படவில்லை

பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று அளப்பதற்காக ஒருவர் செய்த கண்ணாடிக் கருவி, மண்ணில் எவ்வளவு நஞ்சு இருக்கிறது என்று அளப்பதற்கும் உதவுகிறது. அவர் பெயர் ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட். 1848-ல் மொராவியாவின் புர்னோ நகரில் பிறந்து, பின்னாளில் மியூனிக்கில் வேளாண் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். பாலை ஜிப்சத் தூளில் கலந்து உலர்த்திப் பொடியாக்கி, அந்தப் பொடியிலிருந்து ஈதரைக் கொண்டு கொழுப்பைக் கரைத்தெடுப்பது அவருடைய வேலை. ஒருமுறை கழுவினால் போதாது, பலமுறை கழுவவேண்டும். ஒவ்வொரு முறையும் புது ஈதர், ஒவ்வொரு முறையும் ஆள். இந்தச் சலிப்பிலிருந்து விடுபடத் தானே கழுவிக்கொள்ளும் ஒரு கருவியை 1879-ல் அவர் விவரித்து எழுதினார். குழந்தைகளுக்குக் கொடுக்கும் பாலைச் சூடேற்றிக் கிருமி நீக்கித்தான் கொடுக்கவேண்டும் என்று 1886-ல் வற்புறுத்தியவரும் இவரே. மண்ணைப் பற்றியோ பூச்சிமருந்தைப் பற்றியோ அவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

எங்கள் கல்லூரியில் தமிழ்த்துறைக்கு நேர் மேலே வேதியியல் ஆய்வுக்கூடம். அங்கிருந்து படிக்கட்டு வழியே இறங்கிவரும் நெடிதான் எனக்கும் சாக்ஸ்லெட்டுக்கும் முதல் அறிமுகம். அது நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாடையும் பெட்ரோல் பங்க் வாடையும் கலந்ததுபோல் இருக்கும். அசிட்டோனும் ஹெக்ஸேனும் சரிபாதி என்று பிறகு தெரிந்தது. 2016-ஆம் ஆண்டுக் கோடையில் அந்த நெடி மாலையிலும் நிற்காமல் வந்தது. மேலே போய்ப் பார்த்தேன். ஆய்வு மாணவர் ஒருவர் ஆறு கண்ணாடிக் கருவிகளை வரிசையாக ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரம்பலூர்ப் பக்கத்துப் பருத்தி விவசாயி ஒருவரின் மகன். கரிசல் மண்ணில் எண்டோசல்ஃபானின் எச்சம் எவ்வளவு என்பது அவருடைய ஆய்வு. ஆறு மாதிரிகளில் ஒன்று அவர் அப்பாவின் நிலத்து மண்.

அந்தக் கருவியை ஒருமுறை நின்று பார்த்தவர்கள் எளிதில் அகலமாட்டார்கள். அடியில் ஒரு குடுவை, அதில் முந்நூறு மில்லிலிட்டர் கரைப்பான். நடுவில் ஒரு கண்ணாடிக் கூடு. கூட்டுக்குள் தடித்த காகிதத்தால் ஆன விரலுறை போன்ற பை, அதில் பத்து கிராம் மண். உச்சியில் குளிர்விப்பான். அடுப்புச் சூட்டில் கரைப்பான் ஆவியாகி மேலே போகிறது, குளிர்ந்து சொட்டுச் சொட்டாக மண்மேல் விழுகிறது. கூடு மெல்ல நிறைகிறது. குறிப்பிட்ட உயரம் வந்ததும், பக்கத்தில் வளைந்திருக்கும் மெல்லிய குழாய் அத்தனையையும் ஒரே மூச்சில் உறிஞ்சிக் கீழே குடுவைக்குள் இறக்கிவிடுகிறது. மீண்டும் ஆவி, மீண்டும் சொட்டு. மணிக்கு நான்கிலிருந்து ஆறு முறை. இப்படிப் பதினாறிலிருந்து இருபத்துநான்கு மணி நேரம். கணக்குப் போட்டால் அந்த மண் அறுபது முறைக்குக் குறையாமல் குளித்தெழும்.

இதன் நுட்பத்தை விளங்கிக்கொள்ள எனக்குத் தேங்காய்ப்பால்தான் உதவியது. துருவிய தேங்காயைப் பிழிந்தால் முதல் பால் வருகிறது. வெந்நீர் விட்டுப் பிழிந்தால் இரண்டாம் பால். மூன்றாம் பாலும் உண்டு. வரவர நீர்க்கும், ஆனால் முழுக்க நிற்காது. பிழிந்த நீரிலேயே மீண்டும் சக்கையை ஊறவைத்தால் பயனில்லை. ஏற்கெனவே பால் ஏறிய நீர் மேலும் எடுத்துக்கொள்ளத் தயங்கும். புதுநீர்தான் வேண்டும். சாக்ஸ்லெட் கருவியில் ஒவ்வொரு முறையும் மண்மேல் விழுவது புதிதாக வடிந்த தூய கரைப்பான். எடுத்ததெல்லாம் குடுவையின் அடியிலேயே தங்கிவிடும். ஆவியாகி மேலே வருவது கரைப்பான் மட்டுமே. முந்நூறு மில்லியை வைத்துக்கொண்டு பல லிட்டர் புதுக்கரைப்பானால் கழுவிய பயனைப் பெற்றுவிடுகிறது அது. இரண்டு கரைப்பான்கள் எதற்கு என்று கேட்டேன். அசிட்டோனுக்கு நீரோடும் உறவு உண்டு, எண்ணெய்த்தன்மை உள்ளவற்றோடும் உறவு உண்டு. அது ஈரம் ஒட்டியிருக்கும் மண்கட்டிக்குள் புகுந்து கதவைத் திறந்துவிடுகிறது. ஹெக்ஸேன் உள்ளே போய் நஞ்சைக் கரைத்துக் கூட்டிவருகிறது.

குளிர்விப்பானுக்கு இடைவிடாமல் தண்ணீர் ஓடவேண்டும். அந்தக் கோடையில் கல்லூரிக்குத் தண்ணீர் லாரியில் வந்துகொண்டிருந்தது. மாணவர் ஏர்கூலரிலிருந்து கழற்றிய சிறு மோட்டாரை ஒரு வாளிக்குள் போட்டு, அதில் ஐஸ் கட்டிகளை இட்டு, அதே தண்ணீரையே சுற்றவிட்டுக்கொண்டிருந்தார். மின்சாரம் நின்றால் மோட்டார் நின்றுவிடும், ஆவி வெளியே போய்விடும். எரியக்கூடிய ஆவி. ஆகவே இரவெல்லாம் விழித்திருந்தார். வெளிநாட்டு ஆய்வுக்கட்டுரைகளில் இந்த வாளி வருவதில்லை.

மண்ணைக் கருவிக்குள் வைப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கவேண்டும் என்று அவருடைய நெறியாளர் சொன்னார். வேதியியல் துறையின் மூத்த பேராசிரியை, என்னை எப்போதும் 'தமிழய்யா' என்றே அழைப்பவர். நிலத்தில் ஒரே இடத்தில் மண் எடுக்கக்கூடாது. பல இடங்களில் எடுத்துக் கலந்து, குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கிச் சிறிதாக்கவேண்டும். பிளாஸ்டிக் பையில் போடக்கூடாது, பிளாஸ்டிக்கிலிருந்து இறங்கும் பொருள்கள் மண்ணின் கணக்கில் ஏறிவிடும். கண்ணாடிப் புட்டிதான். ஈரத்தை நீக்க அடுப்பில் காய வைக்கலாமென்றால், சூட்டில் தேடும் பொருளே பறந்துபோகும். அதனால் நீரற்ற சோடியம் சல்ஃபேட் உப்பைக் கலந்து, உப்பை ஈரம் குடிக்கச் செய்கிறார்கள்.

அடுத்து அவர் சொன்ன இரண்டும் எனக்கு மிகவும் பிடித்துப்போயின. ஒன்று வெற்றோட்டம். ஆறு கருவிகளிலும் ஒரே நாளில் மண் வைப்பதில்லை, ஒன்றில் எதுவுமே இல்லாமல் வெறும் பையை வைத்து இருபது மணி நேரம் ஓட்டுவார்கள். எதையும் தேடாத அந்த ஓட்டத்தில் ஏதாவது கிடைத்தால், அது கருவியின் அழுக்கு, கரைப்பானின் அழுக்கு, கையின் அழுக்கு. அதை மண்ணின்மேல் சுமத்தக்கூடாது. இரண்டாவது, அறிந்த அளவு ஒரு பொருளைத் தாங்களே மண்ணில் கலந்துவிட்டு, அது எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்ப்பது. நூறு போட்டால் நூறும் வருவது அரிது. எழுபதிலிருந்து நூற்றிருபது வரை வந்தால் பல ஆய்வுக்கூடங்கள் ஏற்றுக்கொள்கின்றன. நூறுக்கு மேல் எப்படி வரும் என்று கேட்டேன். "எங்களுக்கும் இடைச்செருகல் உண்டு, தமிழய்யா" என்று சிரித்தார்.

இருபது மணி நேரம் கழித்துக் குடுவையில் நிற்பது தேநீர் நிறத்தில் ஒரு திரவம். நஞ்சு மட்டும் அதில் வரவில்லை. மெழுகு, எண்ணெய், இலைப்பச்சை, மட்கின் பழுப்பு எல்லாம் சேர்ந்து வந்திருக்கின்றன. கரைப்பானுக்கு நல்லது கெட்டது தெரியாது. அதைச் சுண்டவைத்து, ஃப்ளோரிசில் என்ற வெண்பொடி நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியே இறக்குகிறார்கள். நிறம் மேலே தங்கிவிட, தேவையானது கீழே வருகிறது. கடைசியில் ஒரு மில்லிலிட்டர். ஒரு வயலின் பல ஆண்டு வரலாறு ஒரு சிறு குப்பிக்குள் வந்துவிடுகிறது. அதிலிருந்தும் ஒரு துளியின் சிறு பகுதியே வாயு நிறப்பிரிகைக் கருவிக்குள் போகிறது.

அந்தக் கருவியின் மறுமுனையில் அமர்ந்திருக்கும் உணரியைப் பற்றி ஒரு வார்த்தை. எலக்ட்ரானைக் கவர்ந்துகொள்ளும் பொருள்களைக் கண்டறியும் உணரி அது. 1957-ல் அதை உருவாக்கியவர் ஜேம்ஸ் லவ்லாக். பிற்காலத்தில் பூமி முழுவதும் தன்னைத்தானே பேணிக்கொள்ளும் ஓர் உயிரமைப்புப் போன்றது என்ற கையா கருதுகோளைச் சொன்ன அதே லவ்லாக்தான். குளோரின் அணுக்கள் எலக்ட்ரான்மீது பேராசை கொண்டவை. டிடிடியில் ஐந்து குளோரின், எண்டோசல்ஃபானில் ஆறு. ஆகவே இவை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த உணரியில் மாட்டிக்கொள்ளும். பூச்சிமருந்துகள் தெளித்த இடத்தோடு நிற்காமல் எங்கெங்கோ பரவியிருப்பதை உலகம் நம்பத் தொடங்கியதில் இந்தச் சிறு கருவிக்குப் பெரும்பங்கு உண்டு.

சாக்ஸ்லெட் பழைய முறை. அதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. மண்ணும் கரைப்பானும் உள்ள பாத்திரத்தில் கேளா ஒலி அதிர்வைச் செலுத்திச் சில நிமிடங்களில் எடுப்பது ஒன்று. நுண்ணலை அடுப்பில் மூடிய கலத்துக்குள் வைப்பது இன்னொன்று. 1990-களின் நடுவில் வந்த அழுத்த முறையில், எஃகுக் கலத்துக்குள் சுமார் நூறு மடங்கு வளிமண்டல அழுத்தம் தந்து, கரைப்பானை அதன் கொதிநிலைக்கு மேலே நூறு பாகை வரை சூடாக்கியும் ஆவியாக விடாமல் வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் வேலை கால் மணி நேரத்தில் முடிகிறது. 2003-ல் காய்கறிகளுக்காக உருவாக்கப்பட்ட கெச்சர்ஸ் முறையில் அடுப்பே கிடையாது. ஒரு குழாயில் மாதிரி, அசிட்டோநைட்ரைல், மெக்னீசியம் சல்ஃபேட், சாப்பாட்டு உப்பு. மூடிக் குலுக்கிச் சுழற்றினால் முடிந்தது. காய்ந்த மண்ணுக்கு அதைப் பயன்படுத்த முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணைக் காய்கறிபோல் ஆக்கவேண்டும் என்பது வேடிக்கை. இத்தனை வந்தும், புதுமுறை ஒவ்வொன்றும் தன் தகுதியை நிரூபிக்கச் சாக்ஸ்லெட்டோடுதான் ஒப்பிட்டுக் காட்டுகிறது. உரைகள் எத்தனை வந்தாலும் பரிமேலழகர் என்ன சொன்னார் என்று பார்த்துவிட்டு மேலே போகிறோமே, அதுபோல.

எனக்கு இந்த ஆர்வம் வெறும் கருவியோடு நின்றிருக்கும், காசர்கோடு இல்லையென்றால். கேரளத்தின் வட எல்லையில், அரசுக்குச் சொந்தமான பெருந்தோட்டக் கழகத்தின் முந்திரித் தோப்புகளில் தேயிலைக் கொசு என்ற பூச்சியை ஒழிப்பதற்காக 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபானைத் தெளித்தார்கள். குன்றுகளில் தோப்பு, சரிவில் வீடுகள், சுரங்கம் என்று அவர்கள் அழைக்கும் கிடைக்குகைகளிலிருந்து குடிநீர். குழந்தைகள் ஊனத்தோடு பிறந்தன. வேளாண்துறையில் பணியாற்றிய லீலாகுமாரியம்மா நீதிமன்றம் போனார், ஊர் மருத்துவர் மோகன்குமார் நோயாளிகளின் கணக்கை எழுதிவைத்தார், பத்திரிகையாளர் ஸ்ரீ பட்ரே தொடர்ந்து எழுதினார். 2001-ல் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பட்ரே கிராமத்தின் மண், நீர், மனித ரத்தம் உள்ளிட்டவற்றைச் சோதித்து எண்டோசல்ஃபான் மிகுதியாக இருப்பதாக அறிவித்தது. அதே ஆண்டில் பெருந்தோட்டக் கழகத்தின் ஏற்பாட்டில் நடந்த இன்னொரு ஆய்வு அதற்கு நேர்மாறாகச் சொன்னது. 2002-ல் அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தின் அறிக்கை குழந்தைகளின் ரத்தத்தில் எச்சம் இருப்பதாகக் கூறியது. பிறகு குழுக்கள், குழுக்களின் மேல் குழுக்கள். 2011-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் பட்டியலில் எண்டோசல்ஃபான் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றம் நாடு முழுவதும் அதற்குத் தடை விதித்தது.

ஒரே ஊர், ஒரே மருந்து, இரண்டு ஆய்வுக்கூடங்கள், இரண்டு விடைகள். செய்தித்தாளில் இதைப் படிக்கும் என்போன்றவர்களுக்கு ஒரே ஒரு முடிவுதான் தோன்றும்: யாரோ ஒருவர் பொய் சொல்கிறார். பொய்யும் இருந்திருக்கலாம், அதை நான் இங்கே தீர்ப்பதற்கில்லை. ஆனால் பொய்யே சொல்லாமலும் இரண்டு விடைகள் வரமுடியும் என்பதை மேல்மாடியில் கற்றுக்கொண்டேன். எந்த மாதத்தில், எந்த ஆழத்தில் மண் எடுத்தார்கள்? எந்தக் கரைப்பான், எத்தனை மணி நேரம்? அவர்களுடைய கருவி காணக்கூடிய மிகச்சிறிய அளவு எது? எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பெயரைச் சொல்லி அழைத்தார்கள்?

கடைசிக் கேள்வி முக்கியமானது. எண்டோசல்ஃபான் என்பது ஒரு பொருளல்ல. ஆல்பா, பீட்டா என்ற இரு வடிவங்களின் கலவை. மண்ணுக்குள் போனதும் நுண்ணுயிர்கள் அதை ஆக்சிஜனேற்றம் செய்து எண்டோசல்ஃபான் சல்ஃபேட்டாக மாற்றுகின்றன. இந்தச் சல்ஃபேட்டுக்கும் தாயின் நஞ்சு உண்டு, ஆயுள் தாயைவிடக் கூடுதல். மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் மண்ணில் பாதியாகக் குறைய ஒன்பது மாதத்திலிருந்து ஆறு ஆண்டு வரை ஆகலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டது. ஆல்பாவையும் பீட்டாவையும் மட்டும் தேடினால், தெளிப்பு நின்று சில பருவம் போனபின் மண் தூய்மையாகவே தெரியும். தேடாதது அறிக்கையில் வராது. வராதது இல்லாததாகிவிடும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. ஆய்வுக்கூடத்தில் நேற்றுக் கலந்த பொருள் எழுபது விழுக்காடு திரும்பி வந்தால் முறை நல்ல முறை என்கிறோம். ஆனால் நேற்றுக் கலந்தது விருந்தாளி, திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது, கூப்பிட்டால் எழுந்து வந்துவிடும். பத்தாண்டு முன்பு மண்ணுக்குள் போனது அப்படியல்ல. அது களிமண் தகடுகளின் இடுக்கில், மட்கின் மடிப்புகளில், எந்த நுண்ணுயிரும் நுழையமுடியாத நுண்துளைகளில் குடியேறிவிட்டது. கரிசல் போன்று, கோடையில் வெடித்து மழையில் உப்பி மூடிக்கொள்ளும் மண்ணில் கேட்கவே வேண்டாம். மண்ணில் மாசு 'முதுமையடைவது' என்று இதைச் சொல்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் அலெக்ஸாண்டர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 2000-ல் அவர் எழுதிய கட்டுரையின் வாதம் பலருக்கு அதிர்ச்சி தந்தது. முதுமையடைந்த மாசைக் கடுமையான கரைப்பானால் முழுக்க உரித்தெடுத்து, அவ்வளவும் ஆபத்து என்று கணக்கிடுவது மிகை, ஏனென்றால் அந்த மண்ணில் வாழும் புழுவுக்கோ வேருக்கோ அதில் ஒரு பகுதிதான் எட்டும் என்றார் அவர். அதே ஆண்டில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தினர் நேர்மாறான உத்தி ஒன்றை முன்வைத்தார்கள். சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை வளையத்தை நீரில் கரைத்து, அதைக் கொண்டு மண்ணை மென்மையாகக் குலுக்குவது. வளையத்தின் வெளிப்புறம் நீரை விரும்பும், உட்புறம் எண்ணெய்த்தன்மையை விரும்பும். எளிதில் வரக்கூடியது மட்டும் அந்த வளையத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றிலிருந்து வரும் நறுமண ஹைட்ரோகார்பன்களில், நுண்ணுயிர் உண்ணக்கூடிய அளவும் வளையம் எடுக்கும் அளவும் நெருங்கி வந்தன.

அதாவது செக்கில் ஆட்டினால் ஓர் அளவு, கையால் பிழிந்தால் ஓர் அளவு. இரண்டில் எது உண்மை?

இரண்டுமே உண்மைதான் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். எனக்கு அதில் நிறைவில்லை. கேள்விகள் இரண்டு. இந்த நிலத்தில் எவ்வளவு கொட்டினார்கள் என்பது ஒன்று. இன்றைக்கு இந்த நிலத்தில் விளைவதைத் தின்றால் எனக்கு என்ன ஆகும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் செக்கு வேண்டும், ஒரு துளி விடாமல் ஆட்டவேண்டும், பழியின் கணக்கு அது. இரண்டாவதற்கு வேரின் மென்மையோடும் புழுவின் மென்மையோடும் பிழியவேண்டும். பழியைக் கேட்டவர்களிடம் மென்மையாகப் பிழிந்த அளவைக் காட்டி 'ஒன்றுமில்லை' என்பதும், தின்னலாமா என்று கேட்டவர்களிடம் உரித்தெடுத்த அளவைக் காட்டி மிரட்டுவதும் நடக்கக்கூடியவை. எண்ணில் பொய் இருக்காது. எந்தக் கேள்விக்கு எந்த எண்ணைத் தருகிறோம் என்பதில் இருக்கும். நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை எடுத்துவந்து எங்கோ பொருத்திப் பொருள் காண்பவர் என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். அவரிடம் ஒரு நேர்மை உண்டு: எதை எங்கிருந்து எடுத்துக் கூட்டினேன் என்று சொல்லிவிடுவார். ஆய்வறிக்கைகளிடமும் நான் அதைத்தான் எதிர்பார்க்கிறேன்.

மாணவரின் முடிவுகள் அந்த ஆண்டு ஆடியில் வந்தன. அப்பாவின் நிலத்து மண்ணில் ஆல்பா இல்லை, பீட்டா இல்லை. சல்ஃபேட் இருந்தது, நூறு கோடியில் சில பங்கு. கரிசல் காரத்தன்மை உள்ள மண், காரத்தில் எண்டோசல்ஃபான் சிதைந்து நஞ்சு குறைந்த வேறு பொருளாகவும் மாறும், அதனால் இவ்வளவு குறைவு வியப்பில்லை என்று பேராசிரியை விளக்கினார். மண் கொடுத்த ஆறு விவசாயிகளுக்கும் முடிவைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். அந்த வேலை என்னிடம் வந்தது.

எழுத உட்கார்ந்தபோதுதான் மொழியின் குழிகள் தெரிந்தன. முதல் குழி 'மருந்து'. எங்கள் பக்கத்து விவசாயிகள் யாரும் பூச்சிக்கொல்லி என்று சொல்வதில்லை. மருந்தடிப்பது, மருந்துக்கடை, மருந்து வாடை. நோய் தீர்ப்பதற்கும் அதே சொல், 'மருந்தைக் குடித்துவிட்டான்' என்று பிணத்தருகே அழுவதற்கும் அதே சொல். நிலத்தில் மருந்து எச்சம் இருக்கிறது என்று எழுதினால் நல்லதுதானே என்று படிப்பவர் நினைக்கக்கூடும். நஞ்சு என்று எழுதினால், இத்தனை ஆண்டும் தன் கையால் அடித்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதுபோல் ஆகும். 'பருத்திக்கு அடித்த எண்டோசல்ஃபான்' என்று பெயரையே எழுதினேன்.

இரண்டாவது குழி ஆழமானது. அறிக்கையில் ஆல்பாவுக்கும் பீட்டாவுக்கும் நேராக இருந்தது 'கண்டறியப்படவில்லை' என்ற பொருள்படும் இரண்டு ஆங்கில எழுத்துகள். மாணவர் "இல்லை என்றே எழுதிவிடலாம் ஐயா, அவர்களுக்கு அதுதான் புரியும்" என்றார். புரியும் என்பது உண்மை. ஆனால் தமிழில் 'இல்லை' போல முடிவான சொல் வேறு ஏது? கடவுள் இல்லை என்பதற்கும் வீட்டில் அரிசி இல்லை என்பதற்கும் அதுவே போதும். எங்கள் கருவியின் கண்ணுக்கு எட்டிய எல்லைவரை, இந்தக் கரைப்பானில் இருபது மணி நேரத்தில், தெரியவில்லை என்ற இத்தனையையும் விழுங்கிவிட்டு உட்கார்ந்துகொள்ளும் சொல் அது. 'தென்படவில்லை' என்று எழுதினேன். நிலத்தில் எதையோ தேடி நடந்தவர் சொல்வதுபோல் இருந்தது. அதன் கீழே எவ்வளவு குறைவாக இருந்தால் கருவிக்குத் தென்படாது என்பதையும், எந்த மூன்றைத் தேடினோம் என்பதையும், எப்படி எடுத்தோம் என்பதையும் எழுதினேன். தேங்காய்ப்பால் உவமையைச் சேர்த்தேன். பேராசிரியை அதை மட்டும் அடிக்கவில்லை.

மாணவரின் அப்பா ஒருநாள் கல்லூரிக்கே வந்தார். தாளை வாங்கி, கண்ணாடி போட்டு, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். முடித்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"இருக்குதுங்களா, இல்லீங்களா வாத்தியாரய்யா?"

"கொஞ்சம் இருக்குதுங்க. அடிச்ச மருந்து மாறி வேற ஒண்ணா ஆகியிருக்குது. அது கொஞ்சம்."

"சரி. அதுல கடலை போட்டா அது கடலைக்குள்ள வருமா?"

மாணவர் என்னைப் பார்த்தார், நான் பேராசிரியையைப் பார்த்தேன். அதை இந்தச் சோதனை சொல்லாது, இது மண்ணை முழுக்கப் பிழிந்த கணக்கு, கடலைச்செடி எவ்வளவு எடுக்கும் என்பதற்குக் கடலையைத்தான் சோதிக்கவேண்டும், போடுங்கள், விளைந்ததும் ஒரு படி கொண்டுவாருங்கள் என்று பேராசிரியை சொன்னார். அவர் தலையாட்டினார். ஒரு படி போதுமா, தோலோடு வேண்டுமா உரித்தா என்று கேட்டார். தோலோடு என்றார் மகன். பிறகு அந்தத் தாளை நான்காக மடித்து, கையோடு கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் உறையில், பட்டா, சிட்டா நகல்களுக்கு நடுவே செருகிக்கொண்டு பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்.